இராஜபாளையம் – திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சிறு டீசல் சரக்கு வண்டிகள்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த நகரங்கள் திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் ஆகும். இவற்றுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கி.மீ. இங்கு உற்பத்தியாகும் பால்கோவா, பருத்தி நூல், மருத்துவக் கட்டுத்துணி, நைட்டி, மாம்பழம் ஆகியவற்றை அன்றன்றே வெளியூர்களுக்குக் கொண்டு சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்றரை டன் வரை மொத்த எடை கொண்ட சிறு டீசல் வண்டிகள் செய்கின்றன. பேச்சுவழக்கில் இவை குட்டி யானை, லோடு வண்டி, மினி லாரி எனப் பலவாறு அழைக்கப்படுகின்றன.

இத்தகைய வண்டிகளில் பல, ஓட்டுநரே உரிமையாளராக இருந்து மாதத் தவணை கட்டி ஓட்டுபவை. நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசி முடித்த பிறகு, டீசல் செலவு முழுவதும் ஓட்டுநரின் பையிலிருந்து போகிறது. ஆகவே 'எந்த வண்டி அதிக மைலேஜ் தரும்?' என்பதே வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் பாதி விடைதான். ஏற்றும் சரக்கு எடையால் வண்டியை நிரப்புகிறதா, இடத்தால் நிரப்புகிறதா என்பதும், வண்டி காலியாகத் திரும்புகிறதா என்பதும் சேர்ந்தே உண்மையான சிக்கனத்தைத் தீர்மானிக்கின்றன.

சரக்கின் தன்மை

திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்துச் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படும் இப்பண்டம் சில நாட்களே சுவை மாறாமல் இருக்கும். அதனால் பெரிய லாரி நிறையும் வரை காத்திருந்து அனுப்ப வழியில்லை. கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி அனுப்ப வேண்டும். பால்கோவா அடர்த்தியான பொருள். அட்டைப்பெட்டிகளில் அடுக்கினால் வண்டியின் தளத்தில் பாதி உயரம் நிரம்புவதற்குள் எடை வரம்பு வந்துவிடும். நூல் பெட்டிகளும் இதே வகையில் சேரும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யன்கொல்லங்கொண்டான் ஆகிய ஊர்களில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி இதற்கு நேர்மாறானது. புண்ணுக்குக் கட்டும் வலைத்துணி மிகத் தளர்வாக நெய்யப்படுவது. மூட்டையாகக் கட்டினாலும் உள்ளே காற்றுதான் அதிகம். வண்டி கண்ணுக்கு நிறைந்து தெரியும்போதும் எடை வரம்பில் இடம் மிச்சமிருக்கும். தளவாய்புரம் பகுதியில் தைக்கப்படும் நைட்டிகள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நன்றாக அமுக்கிக் கட்டினால் எடை கூடும், பெட்டியில் மடித்து வைத்தால் இடம் கூடும்.

மாம்பழம் தனி வகை. இராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழம் கோடையில் சில வாரங்களே வரும். கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரளவுக்கு மேல் அடுக்க முடியாது. எடை, இடம் இரண்டையும் விடக் குலுங்காமல் போவதுதான் அதற்கு முக்கியம். அந்தச் சில வாரங்களுக்காகப் பெரிய வண்டி வாங்குபவர் மீதி மாதங்களில் அதன் தவணையைச் சுமக்க வேண்டியிருக்கும்.

சாலை

திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, இவ்வட்டாரத்தின் முதுகெலும்பு. முன்பு இதன் எண் 208. திருமங்கலம், தே. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என ஊர் ஊராகக் கோத்துச் செல்கிறது. இராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 85 கி.மீ. போய்த் திரும்ப 170 கி.மீ. என்பதால், காலையில் ஏற்றி மதியத்துக்குள் இறக்கி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரம் இது.

மதுரைப் பக்கம் பெரும்பாலும் சமதளம். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் ஏறும் பாதை மலைப்பாதை. ஒரே வண்டி இவ்விரு திசைகளிலும் ஒரே மைலேஜ் தராது. சமதளத்தில் 16 குதிரைத்திறன் எஞ்சினே போதுமானதாகத் தோன்றும். முழுப் பாரத்துடன் மலையேறும்போது அதே எஞ்சின் முதல், இரண்டாம் கியர்களிலேயே மூச்சு வாங்கும்.

வண்டிகள்

1986இல் வந்த டாட்டா 407 நீண்ட காலம் சிறிய லாரி என்ற சொல்லுக்கே பொருளாக இருந்தது. அதற்குக் கீழே மூன்று சக்கர லோடு ஆட்டோக்கள் இருந்தன. லோடு ஆட்டோ நெடுஞ்சாலைக்குச் சிறிது, 407 ஊர்த் தெருவுக்குப் பெரிது. இந்த இடைவெளியை நிரப்பியது 2005 மே மாதத்தில் டாட்டா மோட்டார்ஸ் வெளியிட்ட ஏஸ். இந்தியில் சோட்டா ஹாத்தி எனவும் தமிழ்நாட்டில் குட்டி யானை எனவும் பெயர் பெற்றது. இன்று வேறு நிறுவனத்தின் வண்டியையும் பலர் குட்டி யானை என்றே சொல்கிறார்கள்.

ஏஸ் வண்டியின் எஞ்சின் பிறந்த கதை சுவையானது. இண்டிகா மகிழுந்தின் 1405 சி.சி. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைச் சரிபாதியாக்கி, 702 சி.சி. இரண்டு சிலிண்டர் எஞ்சினாக வடிவமைத்தார்கள். திறன் 16 குதிரைத்திறன், முறுக்குவிசை 38 நியூட்டன் மீட்டர், அனுமதிக்கப்பட்ட பாரம் 750 கிலோ. இதில் டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் அல்லாமல் அதை ஒட்டிய ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்பட்டது. அந்த அறையின் சுவர் வழியே கொஞ்சம் வெப்பம் வீணாகும். இருந்தும் வண்டி இலேசானது, எஞ்சின் சிறியது, வேகமும் குறைவு. இம்மூன்றாலும் டீசல் மிச்சமானது.

அசோக் லேலண்ட் நிறுவனம் நிசான் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 2011இல் கொண்டுவந்த தோஸ்த், ஓசூரில் தயாராவது. அதன் 1478 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் வேறு தலைமுறையைச் சேர்ந்தது. பொதுக்குழாய் எனப்படும் காமன் ரெயில் அமைப்பில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. டர்போவும் உண்டு. தொடக்கத்தில் 55 குதிரைத்திறன், 157 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 1250 கிலோ பாரம். முறுக்குவிசை ஏஸைப் போல நான்கு மடங்கு, பாரமோ இரண்டு மடங்கைவிடக் குறைவு. புளியரை மேட்டில் தெரியும் வேறுபாடு இதுதான். 2020இல் வந்த படா தோஸ்த் 9 அடிக்கு மேல் நீளமுள்ள தளமும் 80 குதிரைத்திறனும் கொண்டது.

2523 சி.சி. எஞ்சின் கொண்ட மகிந்திரா பொலேரோ பிக்கப் கிராமச் சாலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் அதிகம் காணப்படுகிறது. எஞ்சின் பெரியது என்பதால் குறைந்த பாரத்தில் ஓட்டுவோருக்கு அது சிக்கனமாகாது. டாட்டா இன்ட்ரா 2019இல் வந்தது. அதன் வி10 வகை 798 சி.சி. இரண்டு சிலிண்டர் எஞ்சினுடன் ஏஸுக்கும் தோஸ்துக்கும் இடையில் நிற்கிறது.

காகிதத்தில் மிகச் சிக்கனமானதாக இருந்தது மாருதி சுசுகி 2016இல் வெளியிட்ட சூப்பர் கேரி. 793 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 740 கிலோ பாரம், நிறுவனம் அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 22.07 கி.மீ. ஆனால் 2020இல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது அந்த டீசல் எஞ்சினே நிறுத்தப்பட்டது. இப்போது சூப்பர் கேரி பெட்ரோலிலும் இயற்கை எரிவாயுவிலும் மட்டுமே கிடைக்கிறது. பழைய டீசல் சூப்பர் கேரியைச் சந்தையில் பார்ப்பவர்கள், மைலேஜ் எண்ணோடு உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதையும் சேர்த்து விசாரிப்பது நல்லது.

அமெரிக்காவில் அவசரச் சரக்கு வேலைக்கு, மேலும் பக்கமும் முழுவதும் மூடிய மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற டீசல் வேன்களைத் தனி ஓட்டுநர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் அதற்கு நெருங்கிய உறவு போர்ஸ் டிராவலர் டெலிவரி வேன். 1987இல் டெம்போ டிராவலராக வந்த இவ்வண்டி, ஸ்பிரிண்டருக்கு முந்தைய மெர்சிடிஸ் டி1 வேனை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் இவ்வட்டாரத்தில் திறந்த தளமும் தார்ப்பாயுமே வழக்கம். மூட்டையை மூன்று பக்கமிருந்தும் ஏற்றலாம், மூட்டை நீண்டால் பின்கதவை இறக்கிவிட்டுக் கட்டலாம். மழைக்காலத்தில் கட்டுத்துணி கொண்டு செல்பவர்களுக்கு மட்டும் மூடிய கூண்டு கட்டாயம் போலவே ஆகிவிடுகிறது. நனைந்த துணி திரும்பி வரும்.

ஒரு கணக்கு

இங்கே கணக்குக்காக மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். 7 அடித் தளமும் 750 கிலோ வரம்பும் உள்ளது முதல் வண்டி. அது லிட்டருக்கு 18 கி.மீ. தருவதாகக் கொள்வோம். 8 அடித் தளமும் 1250 கிலோ வரம்பும் உள்ள இரண்டாவது 13 கி.மீ., 9 அடிக்கு மேல் தளமும் 1500 கிலோவுக்கு மேல் வரம்பும் உள்ள மூன்றாவது 12 கி.மீ. டீசல் விலை லிட்டர் 93 ரூபாய். மதுரை போய்வர 170 கி.மீ. இவ்வண்டிகளுக்கு ஆகும் டீசல் செலவு முறையே 878, 1216, 1318 ரூபாய்.

700 கிலோ பால்கோவா ஏற்றினால், முதல் வண்டியில் கிலோவுக்கு 1 ரூபாய் 25 காசு. இரண்டாவதில் 1 ரூபாய் 74 காசு. சிறிய வண்டியே வெல்கிறது. தீபாவளி நேரத்தில் அதே கடைக்கு 1200 கிலோ போக வேண்டுமென்றால், சிறிய வண்டி இரண்டு நடை அடிக்க வேண்டும். கிலோவுக்கு 1 ரூபாய் 46 காசு ஆகிவிடும். இரண்டாவது வண்டி ஒரே நடையில் 1 ரூபாய் 1 காசில் முடித்துவிடும். ஓட்டுநரின் அரை நாளும் மிச்சம்.

கட்டுத்துணிக்குக் கணக்கே வேறு. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மூட்டை அடுக்குவதாகக் கொண்டால், மூன்று வண்டிகளிலும் முறையே 4.9, 6.1, 7.7 கன மீட்டர் சரக்கு பிடிக்கும். ஒரு கன மீட்டர் மூட்டை 100 கிலோ என்று வைத்தால் எந்த வண்டியும் தன் எடை வரம்பைத் தொடாது. ஒரு கன மீட்டருக்கு ஆகும் டீசல் செலவு முறையே 179, 199, 171 ரூபாய். இங்கு 9 அடி வண்டி முதலிடம், 8 அடி வண்டி கடைசி. லிட்டருக்கு 12 கி.மீ. தரும் வண்டி 18 கி.மீ. தரும் வண்டியைவிடச் சிக்கனமாக அமைவது இப்படித்தான். இந்த எண்கள் சற்று மாறினாலே வரிசையும் மாறும் என்பதால், அவரவர் வண்டியின் அளவையும் மைலேஜையும் இட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். முறை ஒன்றே.

மேலே சொன்ன எல்லாவற்றிலும் வண்டி காலியாகத் திரும்புவதாகவே கொள்ளப்பட்டது. மதுரை கீழமாசி வீதியிலிருந்து மளிகையோ, மாட்டுத்தாவணியிலிருந்து காய்கறியோ ரிட்டர்ன் லோடாகக் கிடைத்தால், போகும் சரக்கின் மீது விழும் டீசல் செலவு ஏறக்குறைய பாதியாகும். எந்த எஞ்சின் மாற்றமும் இந்த அளவு மிச்சம் தராது. ஆனால் பால்கோவா ஏற்றும் வண்டியில் வெங்காயமோ கருவாடோ திரும்பி வந்தால் மறுநாள் பெட்டிகளில் வாசம் ஏறிவிடும். பால் பண்டம் வாசனையை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

அதிக பாரம் ஏற்றிக் கணக்கைச் சரிக்கட்டும் வழக்கமும் உண்டு. 750 கிலோ வண்டியில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுவது பல ஊர்களிலும் காணும் காட்சி. பிரேக், டயர், அச்சு ஆகியவற்றின் தேய்மானம் ஒருபுறமிருக்க, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. பிடிபட்டால் பல நடைகளின் டீசல் பணம் ஒரே நாளில் போய்விடும்.

மைலேஜை அளவிடும் முறை

நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜ் குறிப்பிட்ட சோதனைச் சூழலில் பெறப்படுவது. சொந்த வண்டியின் மைலேஜை அறிய டேங்க் நிரப்பும் முறையே நம்பகமானது. டீசல் பம்பின் துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான வேலையில் சில நாட்கள் ஓட்டி, அதே பம்பில் அதே போல் மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். ஒரு முறை எடுத்த அளவை நம்பாமல், நான்கைந்து முறை எடுத்துச் சராசரி காண்பது சரி. காலி நடை எத்தனை, பார நடை எத்தனை என்றும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மேலுள்ள கணக்கைப் போட அதுவே போதும்.

வேகமும் முக்கியம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 70ஐத் தொட்டால் காற்றெதிர்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். உயரமாகக் கட்டிய கட்டுத்துணி மூட்டை காற்றுக்கு எதிரே ஒரு சுவர் போல நிற்பதால், எடை குறைந்த சரக்கு என்றாலும் வேகமாக ஓட்டினால் டீசல் குடிக்கும். தார்ப்பாய் தளர்ந்து படபடக்காமல் இறுகக் கட்டுவதும் பயன் தரும்.

பி.எஸ். 6க்குப் பின்

2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு பி.எஸ். 6 மாசு விதி கட்டாயமானது. டீசலில் இருந்த கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டிகளும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்புகளும் வந்தன. சிலவற்றுக்கு யூரியாக் கரைசலும் தனியாக ஊற்ற வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் டீசல் வண்டிக்கு இக்கரைசல் தேவையில்லை.

கரித்துகள் வடிகட்டி உள்ள வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. சேர்ந்த கரி எரிந்து தீர, புகை நன்கு சூடாகித் தொடர்ந்து சிறிது நேரம் ஓட வேண்டும். இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையிலேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவது கடினம். அப்போது கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைச் செலவிடும், எச்சரிக்கை விளக்கும் எரியும். மதுரைக்கும் தென்காசிக்கும் தினமும் ஓடுபவர்களுக்கு இத்தொல்லை குறைவு. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி, நெடுந்தூரம் ஓடும் வண்டி என்ற பாகுபாடு முன்பைவிட இப்போது அதிகம் பார்க்கப்பட வேண்டியதாகிவிட்டது.

டீசலின் விலை அனுகூலமும் சுருங்கிவிட்டது. 2012 வாக்கில் பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் மலிவாக இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பின், தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் இவ்வேறுபாடு 10 ரூபாய்க்குள் வந்துவிட்டது. குறைந்த தூரம் ஓடும் முக்கால் டன் வண்டிக்கு, டீசல் எஞ்சினுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலையைத் திரும்ப எடுக்க நெடுங்காலம் ஆகும். ஒன்றேகால் டன்னுக்கு மேல், நெடுஞ்சாலையில், பாரத்துடன் ஓடும் வேலைக்கு டீசல் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

உரிமம், காப்பீடு, ஆவணங்கள்

மொத்த எடை 3000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 66ஆம் பிரிவுப்படி பெர்மிட் தேவையில்லை. இலகு ரக வாகன ஓட்டுநர் உரிமம் உள்ளவர், மொத்த எடை 7500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைத் தனிப் போக்குவரத்து உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. புதிய வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுகள் எஃப்.சி. தேவையில்லை. பிறகு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று மூன்றாம் தரப்புக் காப்பீடு. 7500 கிலோ வரையிலான எல்லாச் சரக்கு வண்டிகளுக்கும் ஒரே கட்டணம்தான். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம் 16,049 ரூபாய். ஏஸ் வண்டிக்கும் அதைவிட இரு மடங்கு சுமக்கும் வண்டிக்கும் இதே தொகை என்பதால், ஆண்டுக்குக் குறைவான நடைகள் ஓட்டும் சிறிய வண்டிக்காரருக்கு இது கிலோ கணக்கில் அதிகச் சுமையாக விழுகிறது.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கும், புளியரை தாண்டிக் கேரளம் போனால் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதற்கும் இ-வே பில் வேண்டும். 200 கி.மீ. தூரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லும். எல்லையில் பில் இல்லாமல் நின்றுவிட்டால் வண்டி எவ்வளவு சிக்கனமானதாக இருந்தும் பயனில்லை.

வண்டி தேவைப்படாத சரக்கு

இருபது முப்பது கிலோ பால்கோவாவை மட்டும் சென்னைக்கு அனுப்ப எந்த டீசல் வேனும் சிக்கனமாகாது. எப்படியும் ஓடப்போகும் பேருந்திலோ இரயிலிலோ பார்சலாகப் போடுவதே மலிவு. சென்னை – செங்கோட்டை பொதிகை விரைவு வண்டி இரவுப் பயணமாக இவ்விரு நகரங்கள் வழியாகவே செல்கிறது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022 முதல் பேருந்துகளில் பார்சல் சேவை நடத்துகிறது. கடையிலிருந்து நிலையம் வரையிலான ஓரிரு கிலோமீட்டருக்கு மின்சார வண்டிகள் பொருந்தும். 2022 மே மாதத்தில் அறிமுகமான ஏஸ் மின்சார வண்டியில் 21.3 கிலோவாட் மணி மின்கலமும் 600 கிலோ பாரமும் உண்டு. அதன் சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கி.மீ. மதுரை போய்வர 170 கி.மீ. என்பதால், அந்தப் பாதைக்கு அது ஒரு மின்னேற்றத்தில் 16 கி.மீ. குறைவாகவே இருக்கிறது.